வீட்டு இணைப்புக் குழாய்களின் பராமரிப்புச் செலவு

வீட்டு இணைப்புக் குழாய் என்பது தெருவில் செல்லும் பகிர்மானக் குழாயிலிருந்து தனி வீடு ஒன்றுக்குக் குடிநீரைக் கொண்டுசெல்லும் சிறு குழாய் ஆகும். வீட்டின் கழிவுநீரைத் தெருவின் பாதாளச் சாக்கடைக்குக் கொண்டுசெல்லும் குழாயும் இவ்வகையில் அடங்கும். அணை, நீரேற்று நிலையம், மேல்நிலைத் தொட்டி, பகிர்மானக் குழாய் ஆகியவை பொதுச் சொத்து என்பதிலும், வீட்டுக்குள் இருக்கும் குழாய்கள் வீட்டுக்காரரின் சொத்து என்பதிலும் ஐயம் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில், பெரும்பாலும் சாலையின் அடியில் புதைந்து கிடக்கும் சில மீட்டர் நீளக் குழாய் யாருடையது, அது உடைந்தால் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பது பல நாடுகளில் நெடுங்காலமாகத் தீராத கேள்வியாக உள்ளது.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் தென்பகுதியில் உள்ள கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் நிலப்பகுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வியை விளக்குகிறது. விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள குளத்தூர் இப்பகுதியின் ஊர்களுள் ஒன்று. (தமிழ்நாட்டில் குளத்தூர் என்ற பெயரில் வேறு ஊர்களும் உள்ளன. இங்குக் குறிப்பிடப்படுவது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.)

அமைப்பு

பகிர்மானக் குழாயில் துளையிட்டு, அதன் மேல் ஒரு பட்டையை இறுக்கி, அதில் பித்தளையாலான சிறு இணைப்பான் ஒன்றைப் பொருத்துவர். குழாய்த் தொழிலாளர்கள் இதைப் 'பெரூல்' என்பர். இணைப்பானின் துளை அளவே வீட்டுக்குச் செல்லும் நீரின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. அங்கிருந்து 15 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குல விட்டமுள்ள குழாய் சாலையையும் தெருச் சாக்கடையையும் கடந்து வீட்டு வாசலை அடைகிறது. முன்னர் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களே (ஜி.ஐ. குழாய்) பயன்பட்டன. பின்னர் பி.வி.சி. குழாய்களும், அண்மைக் காலத்தில் வளையக்கூடிய பாலித்தீன் குழாய்களும் வழக்கத்துக்கு வந்துள்ளன.

குடிநீர் வலையமைப்புகளில் ஏற்படும் கசிவின் பெரும்பகுதி பெரிய குழாய்களில் அன்றி இந்தச் சிறு இணைப்புகளிலேயே நிகழ்கிறது என்பது நீர்ப் பொறியியலாளர்கள் நன்கு அறிந்த செய்தியாகும். காரணம் எளிது. பெரிய குழாய் ஆழத்தில், ஒரே ஒப்பந்தத்தில், மேற்பார்வையோடு பதிக்கப்படுகிறது. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கையால், கிடைத்த பொருளைக் கொண்டு, குறைந்த ஆழத்தில் பதிக்கப்படுகிறது. ஒரு தெருவில் நூறு வீடுகள் இருந்தால் பகிர்மானக் குழாயில் நூறு துளைகள் இருக்கும்.

சிறு கசிவு என்று தள்ளிவிட இயலாது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசியும் இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாள்முழுவதும் நீர் வரும் ஊரில் அது ஒரு நாளில் 1,440 லிட்டரை வீணாக்கும். சல் சீவன் திட்டத்தில் நாட்டுப்புறங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள அளவான ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் இது 26 பேருக்கான நீர். நாளுக்கு இரண்டு மணிநேரம் மட்டும் நீர் வரும் ஊரிலும் 120 லிட்டர், அதாவது இருவருக்கு மேற்பட்டோரின் ஒருநாள் பங்கு, மண்ணுக்குள் போகிறது.

நீர் வராத நேரத்தில் நடப்பது இதைவிடத் தீயது. குழாய் காலியாக இருக்கும்போது அதனுள் அழுத்தம் இல்லை. கசிவு வழியே வெளியேறிய நீர் சென்ற அதே துளையில், சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே புகுகிறது. இணைப்புகள் பெரும்பாலும் தெருச் சாக்கடையைக் கடந்தே செல்வதால் இதற்கு வாய்ப்பு மிகுதி. சிலர் கூடுதல் நீருக்காகத் தங்கள் இணைப்பில் மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவர். விதிகளுக்கு முரணான இச்செயல், அண்டை வீட்டுக் குழாயின் பழுதான இடம் வழியாகச் சாக்கடையை உள்ளிழுக்கும். ஆகவே ஒரு வீட்டின் உடைந்த இணைப்பு அவ்வீட்டின் சிக்கல் மட்டும் அன்று. கட்டணம் பற்றிய வாதங்கள் அனைத்திலும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

கரிசல் மண்ணும் குழாயும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. மாண்ட்மோரில்லனைட்டு வகைக் களிமண் கனிமங்கள் இதில் மிகுதி. கோடையில் நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் தோன்றுவதை இப்பகுதியினர் அனைவரும் கண்டிருப்பர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வெடிப்புகள் மூடி, மண் மேலெழும்பும்.

இந்த அசைவு ஆண்டுதோறும் நிகழ்கிறது. இதில் குழாயின் நடுப்பகுதி ஓரளவு வளைந்து கொடுக்கும், இணைப்புகள் கொடுப்பதில்லை. பகிர்மானக் குழாயும் வீட்டுக் குழாயும் சேரும் இடத்தில் ஒன்று அசைய, மற்றொன்று நிற்க, இணைப்பான் தளர்கிறது. மண்ணிலுள்ள உப்புகளும் ஈரமும் இரும்புக் குழாயை வெளிப்புறத்திலிருந்து அரிக்கின்றன. கரிசல் நிலத்தில் குழாய் பதிக்கும்போது அதைச் சுற்றி மணலோ சரளையோ இட்டு மண்ணின் அழுத்தத்தைத் தணிப்பது பொறியியல் மரபு. பெரிய குழாய்களுக்கு இது செய்யப்படுகிறது. வீட்டுக்காரர் தம் செலவில் ஆள் வைத்துப் பதிக்கும் அரை அங்குலக் குழாய்க்கு யாரும் மணல் வாங்கி இடுவதில்லை; தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளிவிடுவர்.

இதனால் பழுதின் காரணம் பற்றிய கேள்வி இங்குச் சற்று வேறுபடுகிறது. குழாயை உடைப்பது வீட்டுக்காரரின் கவனக்குறைவு அன்று. மண்ணும், முதலில் பதித்த முறையும் ஆகும். சாலையில் செல்லும் லாரிகளின் பாரமும், தொலைபேசிக் கம்பிக்காகத் தோண்டுவோரின் கடப்பாரையும் இவற்றோடு சேரும். இவற்றுள் எதையும் வீட்டுக்காரர் தடுக்க இயலாது.

சட்ட நிலை

தமிழ்நாட்டு நகராட்சிகளை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்டது 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் (பின்னர் தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம் எனப் பெயர் மாறியது). இச்சட்டம் வீட்டு இணைப்புகள் குறித்துக் கொண்ட நிலையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்: இணைப்பு வளாகத்துக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அது நகராட்சி மன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும், ஆனால் அதை மாற்றுவதும், பழுதுபார்ப்பதும், ஒழுங்காக வைத்திருப்பதும் வளாக உரிமையாளரின் செலவில் நடக்க வேண்டும். வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்கும் இதே நிலைதான். சென்னை நகருக்கான 1919ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அச்சில் வார்க்கப்பட்டது.

அதாவது அதிகாரம் ஓரிடத்தில், செலவு வேறிடத்தில். உரிமையாளர் தம் விருப்பப்படி சாலையைத் தோண்ட முடியாது. இசைவு பெற வேண்டும். சாலையை வெட்டுவதற்கும் பின்னர் அதைச் செப்பனிடுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும். சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது என்றால் அத்துறையிடமும் இசைவு வேண்டும். சில அடிக் குழாயின் விலையைவிடச் சாலை வெட்டும் கட்டணம் பன்மடங்காகிவிடுவது இயல்பு. பகிர்மானக் குழாய் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் செல்வதால், எதிர்ப்பக்கத்து வீடுகளின் இணைப்பு சாலையின் முழு அகலத்தையும் கடக்கிறது. எந்தப் பக்கம் குழாய் பதிப்பது என்பதை முடிவு செய்தது நகராட்சி. கூடுதல் நீளத்துக்குப் பணம் தருவது எதிர்வீட்டுக்காரர்.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 1998இல் இயற்றப்பட்டு நெடுங்காலம் நடைமுறைக்கு வராதிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், உரிய விதிகளுடன் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எனினும் இணைப்பின் செலவு வீட்டுக்காரருடையது என்ற பழைய வழக்கம் பெரும்பாலான ஊர்களில் தொடர்கிறது.

பழுது ஏன் பழுதாகவே கிடக்கிறது என்பதற்கு மீட்டர் இன்மையும் ஒரு காரணம். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் வீட்டுக் குடிநீருக்கு மாதம் ஒரே தொகைதான், நீர் அளக்கப்படுவதில்லை. சாலைக்கு அடியில் கசியும் நீருக்காக வீட்டுக்காரர் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தருவதில்லை. தம் குடங்கள் நிரம்பும் வரை அவருக்குப் பழுது தெரிவதும் இல்லை. தெரிந்தாலும், பழுதுபார்த்தால் செலவு அவருக்கு, பயன் தெருவுக்கு. இந்நிலையில் அவர் காத்திருப்பதைக் குறை கூறுவது கடினம்.

ஊராட்சிகளில்

கோவில்பட்டி நகருக்குத் தாமிரபரணி நீர் சீவலப்பேரியிலிருந்து நீரேற்றிக் கொண்டுவரப்படுகிறது. சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கும் இடம் சீவலப்பேரி. பல நாள்களுக்கு ஒருமுறை மட்டுமே நீர் வரும் நிலை இந்நகரில் நெடுங்காலம் இருந்தது. அதனாலேயே இரண்டாவது குழாய்த்தடம் அமைக்கப்பட்டது. கடற்கரைக்கு அருகிலுள்ள குளத்தூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், தொலைவிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்த் திட்ட நீரே குடிப்பதற்கு ஏற்றதாகிறது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைக்கிறது. வாரியம் ஊரின் தொட்டி வரை நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். ஊருக்குள் பகிர்வது ஊராட்சியின் பொறுப்பு.

2019 ஆகத்து 15 அன்று அறிவிக்கப்பட்ட சல் சீவன் திட்டம் இவ்வமைப்பில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நாட்டுப்புறங்களில் தெருக்குழாயே பொதுவான வழி. வீட்டு இணைப்பு பெற வசதியுள்ளோர் வைப்புத் தொகை கட்டிப் பெற்றனர். சல் சீவன் திட்டத்தில் வீட்டு இணைப்பே திட்டத்தின் குறிக்கோள் ஆகி, இணைப்புக் குழாயும் திட்டச் செலவில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஒன்றிய அரசும் மாநில அரசும் செலவில் சரிபாதி ஏற்கின்றன. ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் முதலீட்டில் பத்து விழுக்காட்டை ஊர்மக்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். மலைப்பகுதிகளுக்கும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களுக்கும் இது ஐந்து விழுக்காடு. பராமரிப்பைக் கவனிக்க ஊராட்சியின் கீழ் ஒரு குடிநீர்க் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

முதற்செலவு பொதுவாகிவிட்டது; தொடர்செலவு யாருடையது என்பது தெளிவாகவில்லை. தொட்டியை இயக்கும் ஊராட்சிப் பணியாளர் பகிர்மானக் குழாயின் உடைப்பைச் சரிசெய்வது வழக்கம். வாசலுக்கு உள்ளே உள்ள பழுதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதும் வழக்கம். இணைப்பான் தளர்ந்து, சாலை நடுவில் நீர் ஊறினால்தான் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். ஊராட்சியின் கையில் உள்ள பணமோ சிறிது. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையான காலத்துக்கு உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒதுக்கியது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

செலவுப் பங்கீடு பற்றிய வாதங்கள்

உரிமையாளரே ஏற்க வேண்டும் என்போரின் வலுவான வாதம், இணைப்பு இல்லாதவர்களைப் பற்றியது. கரிசல் ஊர்களில் இன்றும் குடம் இவ்வளவு என்று விலை கொடுத்து வண்டித் தண்ணீர் வாங்குவோர் உள்ளனர். குழாயின் கடைசியில் உள்ள தெருக்களுக்கு, பெரும்பாலும் இவை ஊரின் ஏழை மக்கள் வாழும் பகுதிகள், அழுத்தம் எட்டுவதில்லை. இணைப்பு இருந்தும் நீர் வருவதில்லை. பொதுப்பணத்தில் எல்லா இணைப்புகளையும் பழுதுபார்த்தால், நீர் பெறாதவரின் வரிப்பணம் நீர் பெறுபவரின் குழாய்க்குச் செல்லும். தம் செலவு இல்லை என்றால் வீட்டுக்காரர் குழாயைப் பேண மாட்டார், மோட்டார் வைக்கத் தயங்க மாட்டார் என்பதும் இத்தரப்பின் கூற்று.

மறுதரப்பு இதே கடைசித் தெருவைச் சுட்டியே விடை கூறும். அங்கு நீர் எட்டாததற்குக் காரணம் முன்தெருக்களின் இணைப்புகளில் நிகழும் கசிவு. அவற்றைச் செப்பனிடும் செலவை முன்தெருக்காரரிடம் விட்டதால் அவை செப்பனிடப்படவில்லை. வீட்டுக்காரர் காணவும் தொடவும் இயலாத குழாயின் பொறுப்பை அவரிடம் தருவது, பெயரளவில் பொறுப்பு, நடைமுறையில் பொறுப்பின்மை. ஊராட்சியோ நகராட்சியோ ஒரே நாளில் ஒரு தெரு முழுவதையும் தோண்டி நூறு இணைப்புகளையும் மாற்றினால், தனித்தனியே நூறு முறை சாலையை வெட்டுவதைவிட மொத்தச் செலவு குறையும். மணலிட்டுப் பதிப்பதும் அப்போதுதான் இயலும்.

இரண்டாம் வாதத்துக்கு அருகிலேயே சான்று உண்டு. கருநாடகத்தின் ஊப்ளி-தார்வாடு, பெல்காம், குல்பர்கா நகரங்களில் தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் 2008 அளவில் நாள்முழுவதும் நீர் வழங்கும் முறை செயல்படுத்தப்பட்டது. அதற்காகப் பழைய வலையமைப்பை ஒட்டுப்போடாமல் பகிர்மானக் குழாய்களோடு வீட்டு இணைப்புகளையும் திட்டச் செலவில் புதிதாக மாற்றினர். ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் பொருத்தினர். இணைப்புகளை வீட்டுக்காரரிடம் விட்டிருந்தால் அழுத்தம் ஏறியதும் பழைய குழாய்கள் அனைத்தும் ஒழுகத் தொடங்கியிருக்கும். ஆயினும் இது மீட்டருடன் வந்தது என்பதை மறத்தல் ஆகாது. பராமரிப்பைப் பொதுவாக்குவோர் அதன் செலவை எல்லோருடைய மாதக் கட்டணத்திலும் சேர்த்தே ஆகவேண்டும். கரிசல் ஊர்களில் அரசியல்வாதிகள் தொடத் தயங்குவது அந்த இடத்தைத்தான்.

இவ்விரண்டுக்கும் நடுவே, வளாகச் சுவரை எல்லையாகக் கொள்ளும் முறையும் முன்வைக்கப்படுகிறது. சுவருக்கு வெளியே உள்ளாட்சி, உள்ளே உரிமையாளர். எல்லையில் ஒரு மூடுகுழாயும் மீட்டரும் இருந்தால் பழுது எந்தப் பக்கம் என்பது உடனே தெரியும். கட்டுப்பாடு உள்ள இடத்தில் செலவும் இருப்பதால் இம்முறை சட்டத்தின் பழைய முரணையும் நீக்குகிறது.

கழிவுநீர்

கரிசல் ஊராட்சிகளில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக் கழிவறை வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் முடிகிறது. கரிசல் களிமண் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை என்பதால் உறிஞ்சுகுழிகள் இங்கு மழைக்காலத்தில் நிரம்பி வழியும். தொட்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சு லாரி மூலம் காலி செய்வது முழுக்க உரிமையாளரின் செலவு. தமிழ்நாடு அரசு 2014இல் கழிவுநீர்த் தொட்டிக் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2022இல் சட்டத் திருத்தம் மூலம் நகர்ப்புறங்களில் இவ்வகை லாரிகளுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் அடைப்பு எடுக்கும் செலவே வீட்டுக்காரரின் கவலை. சென்னையில் 2022இல் தொடங்கிய 'இல்லந்தோறும் இணைப்பு' திட்டம் கழிவுநீர் இணைப்புக் கட்டணத்தைத் தவணைகளில் செலுத்த வழி செய்தது.

குடிநீர்க் குழாயில் செலவைத் தவிர்த்தால் நீர் வீணாகும். இங்குத் தவிர்த்தால் உயிர் போகும். லாரிக்குத் தரும் பணத்தை மிச்சப்படுத்த ஆளை இறக்குவது பலமுறை நச்சுவாயு இறப்பில் முடிந்துள்ளது. கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பு இன்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இது உள்ளாட்சிக்கு மட்டும் உரியது அன்று. தம் வீட்டுத் தொட்டிக்கு ஆள் வைக்கும் உரிமையாளருக்கும் பொருந்தும். உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு கூறியது. 2023 அக்டோபரில் இத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. எவர் செலவு என்று பிரிக்கும் எந்த ஏற்பாடும், மலிவான வழியை நாடும் உரிமையாளர் யாரை இறக்குவார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

பிற நாடுகளில்

தமிழ்நாட்டு நகராட்சிச் சட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானவை. இங்கிலாந்தில் பலவீடுகளுக்குப் பொதுவான கழிவுநீர்க் குழாய்கள் 1937 அக்டோபர் முதல் நாளுக்கு முன் அமைந்தவை எனில் பொதுச்சொத்து. பின் அமைந்தவை எனில் பெரும்பாலும் வீட்டுக்காரர்களின் கூட்டுச்சொத்து. தம் குழாய் எந்த ஆண்டையது என்று அறியாத மக்கள், அடைப்பு ஏற்பட்டபின் வந்த செலவுச்சீட்டைக் கண்டு திகைத்தனர். 2011 அக்டோபர் முதல் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய பொதுக்குழாய்களும், வளாகத்துக்கு வெளியே உள்ள தனிவீட்டுக் கழிவுநீர்க் குழாய்ப் பகுதிகளும் நீர் நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டன. செலவு எல்லாப் பயனாளர்களின் கட்டணத்திலும் பகிரப்பட்டது. குடிநீரைப் பொறுத்தவரை வளாக எல்லைக்கு உட்பட்ட குழாய் அங்கு இன்றும் உரிமையாளருடையதே.

அமெரிக்காவில் இக்கேள்வியைக் கூர்மையாக்கியது ஈயக்குழாய். மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங்கு நகரில் இணைப்புக் குழாய் முழுவதும் நீர் வாரியத்தின் சொத்து. ஆகவே வாரியம் 2004இல் தொடங்கி 2016க்குள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஈயக்குழாய்களை, எவரிடமும் தனியே பணம் கேளாமல் மாற்றியது. விசுகான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் குழாயின் ஒரு பாதி உரிமையாளருடையது. 2000இல் அந்நகர் தன் பாதியை மாற்றும்போது உரிமையாளரும் தம் பாதியை மாற்றவேண்டும் என்று கட்டளையிட்டது. செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் முன்வந்தது. தனியார் சொத்துக்குப் பயனாளர் கட்டணத்தைச் செலவிட மாநில ஒழுங்காற்று ஆணையம் இடங்கொடாததால், நீர்த்தொட்டிகளின் மேல் கைபேசி அலைவாங்கிகள் வைக்க விட்ட வாடகைப் பணத்திலிருந்து அதைக் கொடுத்தது. நியூ செர்சியின் நியூவார்க்கு நகர் 2019இல் உரிமையாளரின் இசைவு இன்றியே வளாகத்துள் நுழைந்து குழாயை மாற்றும் அதிகாரத்தைப் பெற்று, மூன்று ஆண்டுக்குள் ஏறத்தாழ 23,000 இணைப்புகளை இலவசமாக மாற்றியது.

மேடிசன் நகர் இருபாதிகளையும் ஒருசேர மாற்ற வற்புறுத்தியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஈயக்குழாயின் பொதுப்பாதியை மட்டும் வெட்டி மாற்றினால், வெட்டும் அதிர்ச்சியில் எஞ்சிய பாதியிலிருந்து ஈயம் கூடுதலாக நீரில் கலக்கிறது. வளாகச் சுவரை எல்லையாகக் கொள்ளும் முறைக்கு இது ஒரு எச்சரிக்கை. கோவில்பட்டியிலோ குளத்தூரிலோ ஈயம் சிக்கல் அன்று. துரு ஏறிய இரும்புக் குழாயே சிக்கல். ஆனால் சுவருக்கு வெளியே புதிய பாலித்தீன் குழாயைப் பதித்து, உள்ளே முப்பது ஆண்டுப் பழைய ஜி.ஐ. குழாயை அப்படியே விட்டால், உயரும் அழுத்தம் முதலில் சோதிப்பது அந்தப் பழைய பாதியையே. அதை மாற்றப் பணம் இல்லாத வீட்டுக்குக் கடனோ தவணையோ தருவது உள்ளாட்சியின் வேலையா என்பது, வளாகச் சுவரோடு முடியாத மற்றொரு கேள்வி ஆகும்.